மின்காரின் சார்ஜ் மூடி: மோட்டாரில் திறப்பதா, கையால் திறப்பதா?

மின்காரில் கன் (சார்ஜர் கேபிளின் முனையில் உள்ள பிளக்) செருகும் இடத்தைத் திறந்து பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பொருள்கள் இருக்கும். முதலாவது, காரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்த வெளி மூடி. இரண்டாவது, மின்சாரம் பாயும் உலோகப் பின்களை மறைக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தொப்பிகள். மூன்றாவது, செருகிய கன்னை யாரும் உருவ முடியாமல் பிடித்து நிறுத்தும் பூட்டு ஊசி. "சார்ஜ் மூடி வேலை செய்யவில்லை" என்று சொல்லப்படும் புகார்களில் இந்த மூன்றும் கலந்து கிடக்கும். கன் வெளியே வராவிட்டால் அது பூட்டு ஊசியின் கோளாறு, மூடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் பேசுவதும் எளிது, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகும். இங்கே பேசப்போவது முதல் இரண்டைப் பற்றி.

கையால் திறக்கும் மூடியின் அமைப்பு பெட்ரோல் மூடியைப் போன்றதுதான். விரலால் ஒருமுறை அழுத்தினால் ஸ்பிரிங் கொக்கி விட்டுவிடும், மூடி சற்று வெளியே எட்டிப் பார்க்கும், இழுத்துத் திறக்கலாம். திரும்ப அழுத்தினால் கொக்கி பிடித்துக்கொள்ளும். நெக்ஸான் இவியில், பெட்ரோல் நெக்ஸானில் பெட்ரோல் மூடி இருந்த அதே இடத்திலேயே இது இருக்கிறது. ஆனால் 'கையால் திறப்பது' என்றால் மின்சாரமே இல்லை என்று பொருளல்ல. பெரும்பாலான கார்களில் சென்டர் லாக்கோடு இணைந்த ஒரு சின்ன மோட்டார், மூடிக்குப் பின்னால் ஒரு ஊசியை நீட்டிப் பூட்டும். கார் பூட்டியிருந்தால் மூடியும் திறக்காது.

மோட்டார் மூடியில் 12 வோல்ட்டில் ஓடும் சிறு மோட்டார், அதன் தண்டில் ஒரு வார்ம் கியர், அதிலிருந்து மூடிக்கு ஒரு நெம்புகோல். மூடி எங்கே நிற்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்லும், அல்லது மோட்டார் இழுக்கும் கரண்ட் திடீரென ஏறுவதை வைத்து 'எதிலோ முட்டுகிறது' என்று கன்ட்ரோல் யூனிட் புரிந்துகொள்ளும். வார்ம் கியருக்கு ஒரு குணம் உண்டு: மோட்டார் அதைச் சுற்றும், ஆனால் மறுமுனையில் இருந்து தள்ளினால் அது சுற்றாது. காற்றில் மூடி படபடக்காமல் நிற்பது அதனால்தான். கையால் பலமாக இழுத்தால் பிளாஸ்டிக் பல் உடைவதும் அதனால்தான். தள்ளினால் உடையாமல் வழுக்கிக்கொடுக்கும்படி நடுவில் கிளட்ச் வைத்த மூடிகளும் இருக்கின்றன. காரின் கையேட்டில் 'கையால் தள்ளி மூடலாம்' என்று எழுதியிருந்தால் மட்டும் தள்ளுங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

பேட்டரி வீணாகுமே என்ற கவலை தேவையில்லை. மோட்டார் 3 ஆம்பியர் எடுத்து 3 விநாடி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் 12 × 3 × 3, அதாவது 108 ஜூல். ஒரு வாட்-மணியில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. இதை மறந்துவிடலாம்.

மோட்டார் மூடி உண்மையில் தருவது என்ன

அழகாகத் திறப்பது விற்பனையாளர் காட்டும் வித்தை. மூடுவதுதான் உண்மையான பயன். சார்ஜ் முடிந்ததும் கன்னை உருவி, கேபிளைச் சுருட்டி, பணம் போனதா என்று செல்போனைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பவர் மூடியை மறப்பது மிகச் சாதாரணம். திறந்த மூடியோடு ஓடுவதைப் பெரும்பாலான கார்கள் தடுப்பதில்லை. கன் செருகியிருந்தால்தான் கியர் விழாது. டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்களில் கன்னை உருவிய சில விநாடிகளில் மூடி தானே மூடிக்கொள்ளும். திறந்துவிட்டு எதையும் செருகாமல் விட்டாலும் சில நிமிடங்களில் மூடிவிடும். மறதிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

விரலில் வலு குறைந்தவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள், ஒரு கையால் மட்டும் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கும் இது பெரிய உதவி. ஒரு கையில் கனமான டிசி (வேக சார்ஜர்) கன்னைத் தூக்கிக்கொண்டு மறு கையால் சேறு படிந்த மூடியை நெம்புவது யாருக்குமே சுகமில்லை, அவர்களுக்கு இன்னும் கடினம். வீட்டில் இப்படி ஒருவர் காரைப் பயன்படுத்தினால், மோட்டார் மூடி உள்ள காரையே தேர்ந்தெடுங்கள். கீழே சொல்லும் குறைகளை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு விவரம் பலருக்குத் தெரிவதில்லை. டெஸ்லாவின் சொந்த கன்னில் உள்ள பொத்தானை அழுத்தினால் ரேடியோ சிக்னல் போய் மூடி திறக்கும். மற்ற நிறுவனங்களின் சார்ஜரில் உள்ள சிசிஎஸ்2 எனும் பொது வகை கன்னில் அந்தப் பொத்தான் கிடையாது. அங்கே மூடியை விரலால் அழுத்தியோ, திரையில் தொட்டோ, செயலி வழியாகவோதான் திறக்க வேண்டும். நெடுஞ்சாலையில் பலவகை சார்ஜர்களை நம்பி ஓடுபவருக்கு விளம்பரத்தில் பார்த்த வசதி பாதிதான் கிடைக்கும்.

அது கேட்கும் விலை

கை மூடியில் பழுதாகக்கூடியவை கீல், ஸ்பிரிங் கொக்கி, மூடியைப் பூட்டும் ஊசி ஆகிய மூன்றுதான். மோட்டார் மூடியில் இவற்றோடு மோட்டார், கியர், நெம்புகோல், சென்சார், வயர், கனெக்டர், மென்பொருள் சேர்ந்துகொள்கின்றன. தினம் ஒருமுறை சார்ஜ் செய்தால் 8 ஆண்டில் சுமார் 2,900 முறை திறந்து மூட வேண்டும். நல்ல மோட்டாருக்கு இது பெரிய எண்ணிக்கையில்லை. மோட்டாரைக் கொல்வது எண்ணிக்கை அல்ல, தடை. கீலில் மண், ரப்பரில் ஒட்டல், ஓரத்தில் காய்ந்த பாலிஷ் மெழுகு, விபத்துக்குப் பின் சரியாகப் பொருந்தாத இடைவெளி என்று எங்காவது இறுகினால், ஒவ்வொரு முறையும் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து முக்கும். சில மாதங்களில் கியரோ மோட்டாரோ போய்விடும்.

நம் ஊரில் இந்தத் தடைகளுக்குப் பஞ்சமில்லை. வெயிலில் நிற்கும் காரில் கிரீஸ் காய்ந்து பிசினாகும். கடலோரத்தில் உப்புக் காற்று கனெக்டரின் பின்களை அரிக்கும். பின்சக்கரத்துக்கு மேலே உள்ள மூடிக்குச் சேறு வந்து அடிக்கும். முன் கிரில்லில் உள்ள மூடிக்கு எதிர்க்காற்றோடு மழையும் பூச்சியும் வந்து மோதும். இவற்றோடு குளவி. சில நாள் நிற்கும் காரின் கீல் இடுக்கில் மண்கூடு கட்டிவிடும். கை மூடியில் இதைத் திறக்கும்போதே உணர்ந்து துடைத்துவிடுவீர்கள். மோட்டார் மூடி ஒன்றும் சொல்லாமல் முக்கிக்கொண்டே இருக்கும்.

பூட்டிய நிலையில் நின்றுபோவதைவிடத் திறந்த நிலையில் நின்றுபோவதுதான் மோசம். பூட்டி நின்றால் சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான். திறந்து நின்றால் ஐப்பசி மழை நேராக உள்ளே இறங்கும். அப்போது காப்பாற்றுவது உள் தொப்பிகள். மோட்டார் மூடி வைத்த சில கார்களில், வெளி மூடியின் ரப்பரே போதும் என்று உள் தொப்பியைக் கைவிட்டுவிடுகிறார்கள். டிசி பின்களுக்கு மேல் தொப்பி இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். மோட்டாரா கையா என்ற கேள்வியைவிட இது முக்கியமானது.

'12 வோல்ட் பேட்டரி இறந்துவிட்டால் மூடி திறக்காதே' என்ற பயம் மட்டும் பெரிதும் தேவையற்றது. 12 வோல்ட் இறந்தால் சார்ஜரோடு பேசும் கம்ப்யூட்டரும், காரை ஓட்டும் பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டரும் (பெரிய மின்சுவிட்ச்) எழாது. மூடி திறந்தே இருந்தாலும் சார்ஜ் ஏறப்போவதில்லை. முதலில் சாவியின் உலோக முனையால் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, 12 வோல்ட்டுக்கு உயிர் கொடுக்க வேண்டும். அது வந்ததும் மூடியும் வரும்.

கீல் எந்தப் பக்கம்

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் மூடி உடைவதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாட்டில் உள்ள மூடிக்குக் கீல் முன் ஓரத்தில் இருந்தால், மறந்துபோய் முன்னோக்கி ஓட்டும்போது காற்றும் கேட் தூணும் மூடியை மூடும் திசையிலேயே தள்ளும். கீறல் விழலாம், உடைவது அரிது. அதே மூடியோடு ரிவர்ஸ் எடுத்தால் தூண் அதை எதிர்த்திசையில் மடித்துப் பிய்த்துவிடும். கீல் பின் ஓரத்தில் இருந்தால் அப்படியே தலைகீழ். குறுகிய சந்தில் வீடு இருந்து, சார்ஜ் போட்ட இடத்திலிருந்து எந்தத் திசையில் வண்டியை வெளியே எடுக்கிறீர்களோ, அந்தத் திசைக்கு ஏற்ற கீல் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி திறந்து நிற்கும்போது எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பதை டேப் வைத்து அளந்து, வீட்டுச் சுவரில் இருந்து அவ்வளவு இடம் கிடைக்குமா என்றும் சரிபாருங்கள். போர்ஷே டைகான் போல ஃபெண்டரை ஒட்டியே சறுக்கி விலகும் மூடிக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் சறுக்கும் பாதையில் மண் சேர்ந்தால் அங்கேயே சிக்கும்.

ஷோரூமில் சோதிக்கும் முறை

காரைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியில் செய்வது நல்லது; பல கைகள் பட்டு, வெயில் மழை பார்த்த மூடி அது.

1. பத்து முறை தொடர்ந்து திறந்து மூடுங்கள். கை மூடியானால் பத்து முறையும் ஒரே 'டக்' ஒலி வர வேண்டும். மோட்டார் மூடியானால் வேகமும் ஒலியும் மாறக் கூடாது. சில கார்கள் மோட்டார் சூடாகாமல் இருக்க, தொடர்ந்து இயக்கினால் சற்று நேரம் மறுக்கும். அது கோளாறு அல்ல.

2. மோட்டார் மூடி மூடிக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் மடித்த துணியை வையுங்கள். நின்று பின்வாங்க வேண்டும். விரலை வைத்துச் சோதிக்காதீர்கள்.

3. காரைப் பூட்டிவிட்டு மூடியை அழுத்துங்கள், திறக்கக் கூடாது. பூட்டைத் திறந்துவிட்டு அழுத்துங்கள், உடனே திறக்க வேண்டும்.

4. மூடிய நிலையில் மேலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். உடனே திறந்து பாருங்கள். பின்களைச் சுற்றி ஈரம் இருக்கக் கூடாது. மூடியின் உட்பக்கத்தில் தேங்கிய நீர், திறக்கும்போது பின்கள் மேல் வழியாமல் கீழே போக வேண்டும். மேல்நோக்கித் திறக்கும் மூடி மழையில் குடைபோல நிற்கும். பக்கவாட்டில் திறப்பது நிற்காது.

5. உள் தொப்பி ஏசி (வீட்டுச் சார்ஜிங்) பகுதிக்கும் டிசி பகுதிக்கும் தனித்தனியாக இருக்கிறதா, அதன் நாடா தடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கன் செருகிய பிறகு தொப்பி மூடிக்கும் கன்னுக்கும் நடுவில் நசுங்கக் கூடாது.

6. கையேட்டை எடுத்து, மூடி திறக்காவிட்டால் என்ன செய்வது என்ற பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிக்கி உறைக்குப் பின்னால் அவசரக் கயிறு இருந்தால், அது மூடிக்கா கன்னின் பூட்டுக்கா என்று கேளுங்கள். டெஸ்லாவில் டிக்கியில் உள்ள கயிறு கன்னை விடுவிப்பதற்கானது. சார்ஜ் ஓடும்போது அதை இழுக்கக் கூடாது, ஆபத்து.

கடைசியாக ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டருக்குப் போங்கள், விற்பனையாளரிடம் கேட்காதீர்கள். மூடி, மோட்டார், கீல் தனித்தனியாகக் கிடைக்குமா, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டுமா, விலை என்ன, பெயிண்ட் கூலி என்ன என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு காகிதம் பல விளம்பரங்களுக்குச் சமம். 8 ஆண்டு வாரன்டி என்பது பெரிய பேட்டரிக்கு. மூடியின் மோட்டார் காரின் சாதாரண வாரன்டியில்தான் வரும்.

இன்சூரன்ஸில் ஒரு கணக்கு இருக்கிறது. 'ஜீரோ டெப்' (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். கிளெய்ம் போட்டால் 20 முதல் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸும் போகும். மூடி மட்டும் உடைந்தால், இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையிலிருந்து கட்டுவதே பெரும்பாலும் லாபம்.

எங்கள் தீர்ப்பு இது. வீட்டில் 3.3 அல்லது 7.2 கிலோவாட்டில் இரவு சார்ஜ் போட்டு, மாதம் ஒன்றிரண்டு முறை நெடுஞ்சாலைச் சார்ஜரைத் தொடுபவருக்கு, நல்ல உள் தொப்பியுள்ள கை மூடியே போதும். மோட்டார் மூடிக்காகவே ஒரு படி மேலான வேரியன்ட்டுக்குப் போக வேண்டாம். விரும்பிய காரில் அது ஏற்கெனவே இருந்தால், மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் தயங்காமல் வாங்குங்கள். கை மூடியை மோட்டார் மூடியாக மாற்றும் வெளிக்கடை கிட் எதையும் போடாதீர்கள். சார்ஜ் போர்ட் பக்கத்திலேயே ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த கேபிள் ஓடுகிறது. அந்த இடத்தில் பழகாத கை வயரை வெட்டி ஒட்டுவது ஆபத்து, வாரன்டியும் போகும்.

பராமரிப்பு

வருடத்தில் இரண்டு முறை போதும்: கோடை முடிந்ததும் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒன்று. மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் கீல் இடுக்கைத் தட்டிவிட்டு, ஈரத்துணியால் ரப்பரைத் துடைத்துக் காயவிடுங்கள். ரப்பருக்கும் பிளாஸ்டிக் கீலுக்கும் சிலிக்கான் ஸ்பிரே; அதைத் துணியில் அடித்துத் தடவுங்கள், நேராக அடித்தால் பின்கள் மேல் படும். உலோகக் கீலுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் மொச்சை அளவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியை இழுத்துப் பசையாக்கிவிடும். பின்களின் மேல் எந்த எண்ணெயும், ஸ்பிரேயும், கிரீஸும் படக் கூடாது. போர்ட்டின் அடியில் நீர் வடியும் சிறு துளை இருக்கும். அது அடைபட்டிருந்தால் காரை அணைத்து, கன் இல்லாத நிலையில் வெளிப்புறமாகப் பிரஷ்ஷால் நீக்குங்கள். கம்பி, ஊக்கு எதையும் உள்ளே விடாதீர்கள்.

வாட்டர் வாஷுக்கு விடும்போது காரைப் பூட்டச் சொல்லுங்கள். பூட்டாத காரில் மூடியின் மேல் துணி அழுந்தினாலே அது திறந்துகொள்ளும், அடுத்த விநாடி பைப் அங்கே பாயும். டெஸ்லாவில் இதற்கென்றே கார் வாஷ் மோட் இருக்கிறது. அது சார்ஜ் மூடியையும் பூட்டிவிடும்.

சிக்கிக்கொண்டால்

கை மூடி திறக்காவிட்டால், மூடியைப் பூட்டும் ஊசி மூடியின் அழுத்தத்தில் இறுகியிருக்கலாம். ஒருவர் மூடியை உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ரிமோட்டில் பூட்டித் திறக்க வேண்டும். அழுத்தம் விலகியதும் ஊசி பின்வாங்கிவிடும். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

மோட்டார் மூடியானால் காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் ஓடும் ஒலி வந்தும் மூடி அசையவில்லை என்றால் கியரோ நெம்புகோலோ உடைந்திருக்கிறது. பாகம் மாற்றித்தான் ஆக வேண்டும். 'டிக்' என்று ஒருமுறை முக்கி நின்றால் எங்கோ தடை இருக்கிறது. ஓரத்தைச் சுற்றித் துடைத்து, குளவி மண், காய்ந்த மெழுகு இருக்கிறதா என்று பாருங்கள். சத்தமே இல்லை என்றால் கியர் பார்க்கிங்கில் இருக்கிறதா, பூட்டு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காரைப் பூட்டி 15 நிமிடம் தனியாக விடுங்கள். கன்ட்ரோல் யூனிட்கள் உறங்கி எழுந்ததும் சரியாகிவிடுவது உண்டு. அப்படியும் வராவிட்டால் ஃபியூஸ். கையேட்டில் உள்ள அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவே கூடாது; பெயிண்ட்டும் கீலும் சேர்ந்து போகும். மறுபுறம், டென்ட் எடுத்து பெயிண்ட் அடித்த பிறகு இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் மோட்டாரை மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். மூடியைச் சுற்றியுள்ள இடைவெளி நான்கு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று முதலில் அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திறந்த நிலையிலேயே நின்றுவிட்டால் உள் தொப்பிகளை இறுக்கிப் போடுங்கள். தொப்பி இல்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் கவரை போர்ட்டின் மேல் போர்த்தி, மேல் ஓரத்தையும் பக்கங்களையும் மாஸ்க்கிங் டேப்பால் ஒட்டுங்கள். கீழ் ஓரத்தை ஒட்டாமல் விடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி வேண்டும். செலோ டேப் வெயிலில் பெயிண்ட்டில் பசையை விட்டுவிடும். மூடியைக் காரின் பாடியோடு கட்டி இழுக்காதீர்கள். வண்டியை ஓட்டலாம், சர்வீஸ் சென்டருக்குப் போகும் வழியில் சார்ஜ் போட வேண்டியிருந்தால், கவரை எடுத்து, உள்ளே நீர்த்துளி தெரிந்தால் கையடக்க ஊதுபம்பால் ஊதி, முழுதாகக் காய்ந்த பிறகே கன்னைச் செருகுங்கள்.